முதுகுவலியோடு கோலாலம்பூரில் ஒரு நாள்: இருவராகச் சுற்ற ஒரு வழிகாட்டி

முதுகுவலி உள்ளவரைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரைச் சுற்றக் கிளம்பும்போது, பார்க்க வேண்டிய இடங்களைத்தான் எல்லாரும் முதலில் எழுதுகிறார்கள். நீங்கள் உட்காரக்கூடிய இடங்களை முதலில் எழுதுங்கள். ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போகும் வழியில் கண்ணில் படுவதைப் பார்ப்பதே அன்றைய பயணம். இப்படித் திட்டமிட்டால் பாதி நாளில் வலி தாங்காமல் அறைக்குத் திரும்பி, கூட வந்தவரும் வாடிப்போகும் நிலை வராது.

ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ ரயிலில் வருபவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக வருபவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். மொத்த நடை 3 கிலோமீட்டருக்குள் அடங்கும். அதையும் ஒரே மூச்சில் நடக்கப் போவதில்லை.

கிளம்பலாமா என்று முதலில் பாருங்கள்

பழைய வலி, மருத்துவர் பார்த்த வலி, நடமாட முடிகிற வலி என்றால் போகலாம். அளவோடு நடப்பது பெரும்பாலான முதுகுவலிக்கு நல்லதும்கூட. ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் சுற்றுலாவை அப்படியே விட்டுவிட வேண்டும்: தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது அல்லது தானாகக் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, கால் திடீரென்று வலுவிழந்து பாதம் தரையில் இழுபடுவது. முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம், ஆகவே உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மலேசியாவில் ஆம்புலன்சுக்கு 999. முதுகுவலியோடு காய்ச்சல் இருந்தாலும், எலும்பு தேய்ந்தவர் கீழே விழுந்த பிறகு வலி வந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வலி தொடங்கியிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் முதுகு எந்தப் பக்கம்?

எல்லா முதுகுவலியும் ஒன்றில்லை. அன்றைய பொழுதை எப்படி அமைப்பது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கும். ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்.

சிலருக்கு உட்கார்ந்தால் வலி ஏறும், குனிந்தால் இன்னும் ஏறும், எழுந்து நடந்தால் குறையும். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கியவர்களில் பலர் இப்படி. இவர்களுக்கு எதிரி கார் இருக்கை, தாழ்ந்த சோபா, செருப்பு மாட்டக் குனிவது. 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாலும் இடுப்பின் உள்வளைவுக்குப் பின்னால் ஒரு தாங்கல் வேண்டும்.

வேறு சிலருக்கு, பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, நேர்மாறாக இருக்கும். நின்றால், நடந்தால் கால் கனக்கும், பின்தொடை இழுக்கும். உட்கார்ந்து சற்று முன்னே சாய்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். நரம்பு போகும் பாதை குறுகிப்போனவர்கள் இவர்கள். நிமிரும்போது அந்தப் பாதை மேலும் குறுகும், முன்னே சாயும்போது சற்று விரியும். இவர்களுக்கு அடிக்கடி நாற்காலி வேண்டும். அண்ணாந்து பார்ப்பது ஆகாது. கோயில் கோபுரத்தையும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையும் அடியில் நின்று பார்க்காமல் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இரண்டு வகையினருக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு, அது அசையாமல் நிற்பது. கடைகடையாக நின்று நின்று நகர்வதும் அதே கணக்கில்தான் சேரும். நடக்கும்போது முதுகுத் தசைகள் இடமும் வலமும் மாறி மாறி வேலை செய்யும், இடையில் ஓய்வும் கிடைக்கும். நிற்கும்போது அவை இறுகியபடியே இருக்கும். அரை கிலோமீட்டர் நடந்தவருக்கு வராத வலி, அரை மணி நேரம் கடைத்தெருவில் ஊர்ந்தவருக்கு வந்துவிடுவது இதனால்தான்.

நிற்கத்தான் வேண்டும் என்றால் ஒரு காலை 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு சற்றுத் திரும்பி முதுகின் உள்வளைவு தளரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். கோலாலம்பூரின் பழைய கடைவரிசைகளில் காக்கி லீமா என்று சொல்லும் ஐந்தடி நடைபாதையின் விளிம்புப் படி இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

எங்கே தங்குவது

கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தங்குங்கள். புக்கிட் பிந்தாங் விடுதிகள் பளபளப்பாக இருக்கும், ஆனால் இந்தப் பயணத்துக்கு அவை பொருந்தாது. காரணம் மூன்று. ஈப்போ, சிரம்பான் ரயில்களும் விமான நிலைய ரயிலும் இங்கேதான் வந்து நிற்கும். காலையிலும் மாலையிலும் போகப்போகும் இடங்கள் எல்லாம் எல்.ஆர்.டி. என்னும் நகர ரயிலின் ஒரே பாதையில், கிளானா ஜெயா பாதையில் இருக்கின்றன. இங்கிருந்து பாசார் செனி ஒரு நிலையம், மஸ்ஜித் ஜாமெக் இரண்டு, இரட்டைக் கோபுரம் உள்ள கே.எல்.சி.சி. ஐந்து. பாதை மாறி ஏறும் வேலையே இல்லை. மூன்றாவது காரணம்தான் பெரியது: மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடத்தில் கட்டிலில் படுக்கலாம்.

அறை பதிவு செய்யும்போது மின்தூக்கி உண்டா என்று கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸின் சிறிய விடுதிகள் சில பழைய கடைவீடுகளின் மாடியில் இருக்கின்றன, செங்குத்தான படிகள்தான் வழி. மெத்தை அமுங்கினால் மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையும், ஒருக்களித்துப் படுத்தால் இரு முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றும் வையுங்கள். அதற்காகக் கூடுதலாக இரண்டு தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடும்பயணம் செய்து வந்த அன்றே சுற்றக் கிளம்பாதீர்கள். விமானத்தில் நான்கு மணி நேரம் மடங்கி உட்கார்ந்த முதுகுக்கு ஓர் இரவு வேண்டும்.

பையில் என்ன, காலில் என்ன

பை ஒன்று போதும், அதைத் துணைக்கு வருபவர்தான் சுமக்க வேண்டும். வலி உள்ளவர் தோளில் ஒன்றும் தொங்கக் கூடாது. ஒரு தோளில் மாட்டும் பை உடலை ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கத் தசை நாள் முழுதும் இறுகிக்கிடக்கும்.

கைத்துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி இரண்டு ரப்பர் வளையம் போட்டு வையுங்கள். சுருட்டியதன் குறுக்களவு 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். எந்த நாற்காலியிலும் இடுப்புப் பட்டை உயரத்தில் முதுகுக்குப் பின்னால் இதை வைத்தால் நாற்காலி உங்களுக்கு ஏற்றதாகிவிடும். விலை கொடுத்து வாங்கும் தலையணைகளைவிட இது எளிது, மழையில் நனைந்தால் துடைக்கவும் உதவும். அரை லிட்டர் தண்ணீர், மெல்லிய சால்வை, குடை, நீளமான காலணிக் கரண்டி ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சால்வை குளிருக்கு. வெளியே 32 டிகிரி வெயிலில் வேர்த்துவிட்டு, பேரங்காடியின் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்தால் முதுகுத் தசை விறைத்துக்கொள்ளும்.

மடக்கு நாற்காலி கொண்டுபோக நினைத்தால் இருக்கையின் உயரம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் எழும்போது முதுகுதான் விலை கொடுக்கும். கைத்தடி வைத்திருப்பவர் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும்.

காலணி குனியாமல் மாட்டக்கூடியதாக, குதிகாலைப் பிடித்திருப்பதாக, அடி வழுக்காததாக இருக்கட்டும். ரப்பர் சிலிப்பர் வேண்டாம். மழை பெய்ததும் ஐந்தடி நடைபாதையின் வழவழப்பான தரை ஓடுகளில் சிலிப்பர் சறுக்கும். விழாமல் தப்பினாலும் அந்த ஒரு குலுக்கல் போதும், அன்றைய நாள் முடிந்துவிடும்.

மருந்தை மருத்துவர் எழுதிய அளவில், மருந்துச் சீட்டோடும் அசல் அட்டையோடும் கொண்டுவாருங்கள். பாராசிட்டமோல் என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுதான் எல்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு எல்லை அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் சிலவற்றிலும் பாராசிட்டமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எந்த மருந்தகத்திலும் கோயோக் என்று கேட்டால் ஒட்டும் வலிப் பட்டை தருவார்கள். ஒட்டலாம், நல்லதுதான். ஆனால் அதன் மேல் சூட்டுப் பை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருந்தாளரைக் கேட்டு ஒட்டுங்கள். பட்டையில் உள்ள மருந்து தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது.

துணைக்கு வருபவரின் வேலை

கணவனோ மனைவியோ, மகளோ தம்பியோ, யார் கூட வந்தாலும் இதைப் படிக்க வேண்டியவர் அவர்தான். வலி உள்ளவர்கள் பெரும்பாலும் "போதும்" என்று வாய் திறந்து சொல்வதில்லை. நம்மால் மற்றவர் பயணம் கெடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். அதனால் நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது.

காலையில் அறையை விட்டு இறங்குமுன் ஓர் எண் கேளுங்கள்: வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் மறுபடி ஒருமுறை மட்டும் கேளுங்கள். காலையில் 3 என்றவர் 5 என்றால் அடுத்த இடத்தை விட்டுவிட்டு ஓய்வுக்குத் திரும்ப வேண்டும். இந்த விதியை முன்கூட்டியே பேசி வைத்தால் வழியில் வாதம் வராது. நடுநடுவே "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மறந்திருப்பவருக்கு அது வலியை நினைவூட்டும்.

வரிசையில் நிற்பது உங்கள் வேலை, அவர் உட்கார்ந்திருக்கட்டும். படியா, மின்தூக்கியா என்று முன்னே போய்ப் பார்த்து வருவதும் உங்கள் வேலை. நிலையங்களில் மின்தூக்கி நடைமேடையின் ஒரு கோடியில் இருக்கும், தெரியாமல் எதிர்க்கோடிக்கு நடந்தால் வீண் தூரம். எழுந்திருக்க உதவும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை மடக்கிக் கொடுங்கள், அவர் தன் அளவுக்கு ஊன்றி எழுவார்.

உங்களுக்கு மட்டும் பார்க்க ஆசையான இடம் இருக்கும். மாடிக் கடைகள், படியேறும் கோயில், அருங்காட்சியகத்தின் மேல்தளம். அவரை நல்ல நாற்காலியில் அமர்த்தி, தண்ணீரும் தொலைபேசியும் கையில் இருக்கிறதா என்று பார்த்து, 20 நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். சொன்ன நேரத்தில் திரும்பினால் போதும்.

காலை: கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு

எழுந்ததும் கிளம்பாதீர்கள். இரவில் முதுகுத் தட்டுகள் நீர் ஊறி விறைப்பாக இருக்கும். முதல் அரை மணி, ஒரு மணி நேரம் குனிவது, தூக்குவது எல்லாம் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். வெந்நீரில் குளித்து, அறைக்குள் ஐந்து நிமிடம் நடந்து, இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு மருந்தைப் போடுங்கள்.

அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு, 9 மணிக்குமேல் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறுங்கள். முன்பணம் போட்டுப் பயணத்துக்குப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், ஓர் அட்டையில் இருவர் நுழைய முடியாது. இந்தப் பாதையின் ரயில்களுக்கு ஓட்டுநர் இல்லை, கதவு மூடியதும் வெடுக்கென்று நகரும். ஒரு நிலையம்தானே என்று பிடிக்காமல் நிற்காதீர்கள். முன்னுரிமை இருக்கையைக் கேட்டு வாங்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

பாசார் செனியில் இறங்கி, மின்தூக்கியில் தரைக்கு வந்து, ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்கு மெதுவாக நடங்கள். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய கோயில். தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளிரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். ஐந்து நிலைக் கோபுரத்தைத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள், கழுத்தை அதிகம் மடக்காமல் முழுக்கோபுரமும் கண்ணில் அடங்கும்.

கோயிலில் முதுகைப் பிடிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது வாசலில் காலணி கழற்றுவது: சுவரையோ துணையின் தோளையோ பிடித்துக்கொண்டு குதிகாலை மற்றக் காலால் தள்ளிக் கழற்றுங்கள், எடுத்து வைப்பதைத் துணை செய்யட்டும். இரண்டாவது, விழுந்து வணங்குவது. நின்று கைகூப்பினாலே அம்மனுக்குப் போய்ச் சேரும். மூன்றாவது, தரையில் சம்மணமிட்டு உட்காருவது. உட்காரும்போது தெரியாது, எழும்போது தெரியும். தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் நேராக எழ முயலாதீர்கள். ஒருக்களித்து, மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, தூணைப் பிடித்து எழுங்கள். வெறுங்காலில் கல்தரை சுடும் என்பதால் வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடிப்பது நல்லது.

கோயிலுக்கு அடுத்த தெருவில்தான் பெத்தாலிங் ஸ்திரீட் சந்தை. நெரிசலில் அரை அடி, அரை அடியாக நகர வேண்டியிருக்கும். முதுகுக்கு அதைவிடக் கெட்ட இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. விட்டுவிடுங்கள். துணைக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு சுற்றுப் போய் வரட்டும்.

அடுத்த நாற்காலி சென்ட்ரல் மார்க்கெட்டில். 1888-இல் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள நீலக் கட்டடம் 1937-இல் எழுந்தது. கடைகள் 10 மணி வாக்கில்தான் திறக்கும், ஆகவே கோயிலை முந்தி வைத்தோம். உள்ளே தரை சமமாக, குளிர்ச்சியாக இருக்கும். நுழைந்ததும் பாத்திக் துணிக்கடைக்குள் ஓடாதீர்கள். முதலில் சாய்வுள்ள நாற்காலி போட்ட கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு, துண்டுச் சுருளை இடுப்புக்குப் பின்னால் வைத்து 15 நிமிடம் உட்காருங்கள். பிறகு இரண்டு மூன்று கடை பார்த்தால் போதும். கழிப்பறையும் இங்கேயே போய்விடுங்கள். குந்தும் கழிப்பறைக்குப் பதில் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளிகள்) என்று எழுதிய, கைப்பிடி உள்ள கழிப்பறையைத் தேடுங்கள்.

இங்கே வலி எண்ணைக் கேளுங்கள். ஏறாமல் இருந்தால் வடக்கே அரை கிலோமீட்டர் அளவு சமதரையில் நடந்து மஸ்ஜித் ஜாமெக் போகலாம். வழியில் மேடான் பாசார் சதுக்கம் வரும். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நினைவாக வைத்த மணிக்கூண்டு அங்கே நிற்கிறது, கொஞ்சம் நின்று காலை மாற்ற நல்ல இடம். அதைத் தாண்டினால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் முனை. அந்த முனையில் 1909-இல் கட்டி முடித்த மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் குவிமாடங்கள் மரங்களுக்கு நடுவில் தெரியும். சேற்று முகத்துவாரம் என்ற பொருளுள்ள கோலாலம்பூர் என்ற பெயர் இந்த ஆற்று முனையிலிருந்து வந்தது. கரையில் இருந்தே பார்த்தால் காட்சி நிறைவாக இருக்கும், பள்ளிவாசலுக்குள் போய் மறுபடி காலணி கழற்றத் தேவையில்லை. உள்ளே போக விரும்பினால் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்க்கவும்.

ஆற்றுக்கு அப்பால் 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு. அதற்கு எதிரேதான் டத்தாரான் மெர்டேக்கா, மலாயா விடுதலை பெற்ற 1957-இல் கொடி மாறிய திடல். வலி எண் ஏறாதவர்கள் மட்டும் போங்கள். திடல் திறந்த வெயில், நல்ல இருக்கை குறைவு. கட்டடத்தைப் பார்த்துவிட்டு பத்து நிமிடத்தில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஏறிய இடத்துக்கே நடந்து திரும்பாமல், வழியின் அடுத்த முனையில் இன்னொரு நிலையம் கிடைப்பது இந்தப் பாதையின் சிறப்பு. 12 மணிக்குள் கே.எல். சென்ட்ரல் வந்துவிடலாம்.

மதியம்: சாப்பாடு, பிறகு கட்டில்

செங்கல் சூளைகள் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்ற ஊர் இது. ஜாலான் துன் சம்பந்தன் நெடுக வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். கூட்டம் 12:30-க்கு மேல் மொய்க்கும், அதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். சாய்வில்லாத முக்காலி போட்ட கடையைத் தாண்டிப் போய்விடுங்கள், சாப்பாடு எவ்வளவு ருசி என்றாலும். இரண்டாம் முறை சோறு வாங்கினால் வயிறு முட்டி, படுத்தாலும் ஓய்வு வராது. கீரை, காய், ரசம், மோர் போதும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் உண்டாக்கும், முக்கினால் முதுகுவலி கூடும், ஆகவே காய்கறியையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

இங்கே நடைபாதைகள் ஒரே மட்டத்தில் இல்லை. கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். கால்வாய் மூடி அசையும். மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும். தெரியாமல் ஒரு படி இறங்கும்போது முதுகில் விழும் அதிர்ச்சிதான் பலருக்கு வலியைக் கிளப்புகிறது. துணை அரை அடி முன்னே நடந்து "படி" என்று சொல்லிக்கொண்டு போகட்டும்.

பிறகு படுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மாலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் திட்டம் முழுவதும் இந்த ஒரு மணி நேரத்தின் மேல் நிற்கிறது. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி இருக்கையின் மேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கும்போது பலருக்கு முதுகின் இறுக்கம் விடும். 20 நிமிடம் அப்படி. பிறகு விருப்பம்போல் ஒருக்களித்துப் படுக்கலாம். உட்கார்ந்தால் வலி ஏறும் வகையினரில் சிலருக்கு இதைவிடக் குப்புறப் படுப்பதே இதமாக இருக்கும். எது வலியைக் காலிலிருந்து மேலே முதுகை நோக்கி இழுக்கிறதோ அது உங்களுக்கு நல்ல நிலை. வலி கீழே காலுக்குள் இறங்கினால் உடனே நிலையை மாற்றுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடிக்கும் இடங்களுக்குப் பெயர் போனது. போக ஆசை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு இரவில் போங்கள், மதியம் வேண்டாம். ஆழமாக அழுத்தினால் தசை நோகும், பிறகு நடக்க முடியாது. முதுகை முறுக்கிச் சொடுக்கெடுக்க வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். கால் மரத்துப்போகிறவர்களும் எலும்பு தேய்ந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

மாலை: கே.எல்.சி.சி. பூங்கா

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். மழை விட்டதும் கிளம்பலாம் என்று காத்திருந்தால் 5 மணிக்கு மேலான அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் 4:15 போல எல்.ஆர்.டி.யில் ஏறிவிடுங்கள். கே.எல்.சி.சி. நிலையத்திலிருந்து சூரியா பேரங்காடிக்குள் நனையாமல் நுழையலாம். உள்ளே காபிக் கடையில் நல்ல நாற்காலியாகப் பிடித்து, மழை ஓயும்வரை இருங்கள். தட்டு பிதுங்கியவர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, தூண் வரை நடந்து வந்து மறுபடி உட்காரட்டும்.

இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறுவதா என்று கேட்பீர்கள். 41, 42-ஆம் மாடிகளில் உள்ள இணைப்புப் பாலமும் 86-ஆம் மாடிப் பார்வைத்தளமும் பார்க்கத் தக்கவைதான். ஆனால் குழுவாக, குறித்த நேரத்தில் கூட்டிப்போவார்கள், பெரும்பகுதி நேரம் நிற்க வேண்டும். நின்றால் வலி ஏறுபவர்களுக்கு இது சரிவராது. 452 மீட்டர் கோபுரத்தை மேலேயிருந்து பார்ப்பதைவிட, பூங்காவின் தூரக் கோடியில் இருக்கையில் சாய்ந்து பார்ப்பதே அழகு என்பது எங்கள் முடிவு. அங்கிருந்து பார்த்தால் கழுத்தை மடக்காமலே இரண்டு முடிகளும் தெரியும்.

பூங்கா 50 ஏக்கர், பிரேசில் நாட்டு ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ரப்பர் பதித்த ஓட்டப்பாதை உண்டு. சிமெண்டுத் தரையைவிட இதில் நடந்தால் குதிகாலிலிருந்து முதுகுக்கு ஏறும் அதிர்ச்சி குறையும். ஓடுபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடங்கள். முழுச் சுற்று வேண்டாம், பாதி போதும். ஏரியைச் சுற்றிய திண்டுகளில் முதுகு சாய இடமில்லை என்பதால் சாய்வுள்ள இருக்கையை முன்னமே பார்த்து வையுங்கள். 7 மணிக்கு மேல் இருட்டும், கோபுர விளக்குகள் எரியும். 8 மணிக்கு நீரூற்றின் ஒளி நடனம். கூட்டம் ஏரிக்கரையில் முண்டியடிக்கும், நீங்கள் பின்னால் இருக்கையிலிருந்தே பாருங்கள். அது முடிந்ததும் கூட்டத்தோடு எழாமல் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் ரயிலில் இடம் கிடைக்கும்.

கிராப் காரில் போகும்போது

நடுவில் வலி கூடினால் கைபேசிச் செயலி வழியாகக் கிராப் வாடகைக் கார் அழைத்து நேரே விடுதிக்குப் போய்விடுங்கள். ஆறு பேர் செல்லும் வண்டியைத் தேர்ந்தால் இருக்கை உயரமாக இருக்கும், ஏறி இறங்க எளிது. சின்னக் கார் வந்தால் முன்னிருக்கையில் அமர்ந்து, அதைப் பின்னால் தள்ளிச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே விட்டு முறுக்கி நுழைவதுதான் தவறு. இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் எளிதாகத் திரும்பலாம், பிறகு உருவிவிடுங்கள். ஓட்டுநரிடம் "சாக்கிட் பிங்காங், தோலோங் பாவா பெர்லாஹான்" என்று சொன்னால், இடுப்பு வலி, மெதுவாக ஓட்டுங்கள் என்று புரிந்துகொள்வார். வேகத்தடைகளில் நிதானிப்பார்கள். நாற்காலிக்கு கெருசி, மின்தூக்கிக்கு லிஃப், படிக்கட்டுக்கு தாங்கா, கழிப்பறைக்கு தண்டாஸ். இந்தச் சொற்கள் தெரிந்தால் எங்கேயும் கேட்டு வாங்கலாம். கடைக்காரர்கள் ஒரு கெருசி கொடுக்க மறுப்பது அபூர்வம்.

மறுநாள் பத்துமலை?

காலையில் எழுந்து அதே எண்ணைக் கேளுங்கள். நேற்றைய காலை எண்ணுக்கு வந்திருந்தால் போகலாம், இல்லையென்றால் அறையைச் சுற்றி நடந்து ஓய்வெடுங்கள். போனாலும் 272 படிகளில் ஏற வேண்டாம். படிகள் செங்குத்து, நடுவில் நினைத்த இடத்தில் உட்காரவும் வழியில்லை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முதுகையும் முழங்காலையும் பிடிப்பது இறங்கும்போதுதான், அப்போது பாதி வழியில் விட்டுத் திரும்பவும் முடியாது. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் பத்துமலை அடிவாரத்துக்கே போகும். அடிக்கடி ஓடும் ரயில் அல்ல, நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். நிலையத்தை விட்டு வந்ததும் அனுமன் சிலை, பக்கத்தில் இராமாயணக் குகை. சமதரையில் மெல்ல நடந்து போனால் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. சிலையின் காலடிக்குப் போகாமல், திடலின் மறுகோடியில் உணவுக் கடைகள் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிடுங்கள். படியேற ஆசைப்படும் துணை மேலே போய் வரட்டும், அவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். திரும்பி வந்ததும் இருவருமாக இளநீர் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.